தடித்த நாவலிலிருந்து இரண்டாம் பாகம்: திரைக்கதை எழுத வருபவர்களுக்கு

2021 அக்டோபரில், ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் அறிவியல் புனைகதை நாவலை வைத்து எடுத்த 'டியூன்' படத்தைப் பார்க்கப் போன பலருக்குக் கதவு மூடிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. போஸ்டரில் வெறும் 'டியூன்'. திரையில் பெயர் விழும்போது அதன் கீழே 'முதல் பாகம்' என்று ஒரு வரி. இரண்டரை மணி நேரம் கழித்து, கதாநாயகன் பாலைவன மக்களோடு நடந்து போகும் இடத்தில் படம் நின்றுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு இரண்டாம் பாகத்துக்கு யாரும் பச்சைக்கொடி காட்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் படம் வெளியானது 22ஆம் தேதி. இரண்டாம் பாகம் எடுக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது 26ஆம் தேதி. அந்த நாலு நாளும் இயக்குநர் டெனி வில்நவ் எப்படித் தூங்கினார் என்று நான் யோசித்ததுண்டு.

நாவலைப் படமாக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் "எதையெல்லாம் வெட்டலாம்?" என்பதுதான். அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "இந்த எழுத்தாளர் யாரோடு சண்டை போடுகிறார்?" இரண்டாம் பாகம் எழுதும்போது இது இன்னும் முக்கியம். முதல் பாகத்தில் உலகத்தைக் காட்டிவிட்டுத் தப்பித்துவிடலாம். இரண்டாம் பாகத்தில் எழுத்தாளர் என்ன சொல்ல வந்தார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 'டியூன்: இரண்டாம் பாகம்' அதைச் செய்த விதத்தை வைத்தே இந்த வேலையைப் படிப்படியாகப் பார்க்கலாம். படத்தையும் நாவலையும் பற்றி எல்லாவற்றையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

உரிமை: பேனாவைத் தொடுவதற்கு முன்

சலிப்பான விஷயம், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஃபிராங்க் ஹெர்பர்ட் நாவலை வெளியிட்டது 1965இல். 1970களிலிருந்து அதன் பட உரிமை கை மாறிக்கொண்டே இருந்தது. சிலி நாட்டுக்காரரான இயக்குநர் ஹோடரோவ்ஸ்கி எடுக்க முயன்று, பணம் சேராமல் கைவிட்டார். டேவிட் லிஞ்ச் 1984இல் எடுத்தார். லெஜண்டரி நிறுவனம் 2016இல் உரிமையை வாங்கிய பிறகுதான் வில்நவ் உள்ளே வந்தார்.

நீங்கள் பயிற்சிக்காக எழுதுவதென்றால் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். வீட்டுக்குள் யாரும் கேட்க மாட்டார்கள். கேமரா வைக்கப் போகிறீர்கள் என்றால் கையில் காகிதம் இருக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை அவர் வாரிசுகளுடையது. எச்.ஜி.வெல்ஸ் 1946இல் இறந்தவர். அவர் கதைகளை இங்கே தாராளமாக எடுக்கலாம். ஹெர்பர்ட் 1986இல்தான் போனார். நான் ஒருமுறை ஒரு சிறுகதையை "அப்புறம் கேட்டுக்கலாம்" என்று குறும்படமாக எடுத்துவிட்டு, எடிட்டிங் முடிந்த பிறகு குடும்பத்தாரைப் போய்ப் பார்த்தேன். காபி கொடுத்து உபசரித்துவிட்டு, முடியாது என்றார்கள். அந்த ஹார்டு டிஸ்க் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

மூன்று முறை படியுங்கள், மூன்றாவது முறை கோபத்தோடு

முதல் வாசிப்பு சும்மா வாசகராக. பேனா வேண்டாம். இரண்டாவது வாசிப்பில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு வரி: யார் என்ன செய்தார்கள். யார் என்ன நினைத்தார்கள் என்பதை எழுதாதீர்கள். 'டியூன்' போன்ற நாவலில் இது பெரிய கண்திறப்பாக இருக்கும். ஏனென்றால் ஹெர்பர்ட் ஒரு மேசையைச் சுற்றி ஆறு பேரை உட்கார வைத்து, ஆறு பேர் மனசுக்குள்ளும் மாறி மாறிப் போய்வருவார். பத்துப் பக்கம் ஓடியிருக்கும். உங்கள் நோட்டில் "சாப்பிட்டார்கள்" என்று ஒரு வரிதான் இருக்கும்.

மூன்றாவது வாசிப்பில்தான் சண்டையைத் தேடுகிறோம். எழுத்தாளர் எதைக் கண்டு பயந்தார்? ஹெர்பர்ட் பத்திரிகையாளராக இருந்தவர். அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில் நகரும் மணல்மேடுகளைப் புல் நட்டு நிறுத்துவதைப் பற்றிக் கட்டுரை எழுதப் போனவர், மணலோடு சேர்த்துப் பாலைவனங்களில் பிறந்த மதங்களையும் இறைத்தூதர்களையும் படிக்க ஆரம்பித்தார். கட்டுரை வரவில்லை, நாவல் வந்தது. அதைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் போட்டது, கார் ரிப்பேர் கையேடுகளுக்குப் பேர்போன ஒரு பதிப்பகம்.

அந்த நாவலின் அடியில் ஓடும் பயம் இதுதான்: ரட்சகன் என்று ஒருவன் வந்தால் அவன் பின்னால் போகும் மக்கள் அழிந்துபோவார்கள். கதாநாயகன் பால் அட்ரெய்டிஸ் நல்ல பையன். அவனைக் கொண்டாடும் பாலைவன மக்களான ஃப்ரெமென்களும் நல்லவர்கள். ஆனால் அந்த மக்களின் நம்பிக்கையோ, பெனி ஜெசரிட் என்ற பெண்கள் அமைப்பு பல தலைமுறைக்கு முன்பே வந்து விதைத்துவிட்டுப் போன கட்டுக்கதை. அந்த விதையின் அறுவடைக்குப் பால் வந்து நிற்கிறான்.

சோகம் என்னவென்றால், வாசகர்கள் இதைப் புரிந்துகொள்ளவில்லை. பால் அட்ரெய்டிஸை வீரனாகத்தான் கொண்டாடினார்கள். 1969இல் வந்த 'டியூன் மெசையா'வில் ஹெர்பர்ட் அதே பாலின் பெயரால் கோடிக்கணக்கானோர் செத்த கணக்கைச் சொல்லி, வாசகர்களின் கையைப் பிடித்துத் திருப்பினார். அப்படியும் எல்லோரும் திரும்பவில்லை. 1984 படத்தின் முடிவில் பால் உண்மையான தெய்வமாகவே ஆகிவிடுகிறான். பாலைவனத்தில் மழைகூடக் கொட்டுகிறது. மழை பெய்தால் மணலுக்குள் வாழும் ராட்சத மணல்புழு சாகும், புழு செத்தால் எல்லோரும் அடித்துக்கொள்ளும் ஸ்பைஸ் என்ற அரிய பொருள் இல்லை, ஸ்பைஸ் இல்லாவிட்டால் அந்தக் கதையே இல்லை.

ஆக, எழுத்தாளருக்குத் தன் வாசகர்களோடு ஒரு தீராத வழக்கு இருந்தது. வில்நவும் அவரோடு எழுதிய ஜான் ஸ்பைட்ஸும் அந்த வழக்கைத்தான் கையில் எடுத்தார்கள். முதல் நாவலின் பின்பாதியைப் படமாக்கும்போதே இரண்டாவது நாவலின் கண்ணால் அதைப் பார்த்தார்கள். உங்கள் கையில் இருக்கும் நாவலின் ஆசிரியர் அதற்குப் பிறகு என்ன எழுதினார், எதை நினைத்து வருந்தினார் என்று தேடிப் படியுங்கள். பல சமயம் சாவி அங்கே கிடக்கும்.

கடன் பட்டியல்

இது என் சொந்தப் பழக்கம். முதல் பாகம் வெளியான பிறகு, அல்லது அதன் ஸ்கிரிப்ட் முடிந்த பிறகு, ஒரு தாளில் அந்தப் படம் பார்வையாளர்களிடம் வாங்கிய கடனையெல்லாம் எழுதுவேன். பால் காதலிக்கப்போகும் ஃப்ரெமென் பெண் சானியைப் பற்றி அத்தனை கனவு காட்டினீர்கள். நேரில் அவள் ஒருசில நிமிடம்தான் வந்தாள். கடன். புனிதப் போர் ஒன்று பாலின் பெயரால் நடப்பதாக அவன் பதறினான். கடன். பேரரசர்தான் சதி செய்தார் என்றார்கள், அவர் முகத்தையே காட்டவில்லை. கடன். மணல்புழு மேல் ஒருவன் ஏறிப் போவதைக் கடைசியில் தூரத்தில் காட்டிவிட்டு முடித்தீர்கள். பெரிய கடன்.

நாவலில் எதிரிகளான ஹார்கொனன் குடும்பத்து இளைஞன் ஃபெய்ட் ரவுதா ஆரம்பத்திலேயே வந்துவிடுவான். முதல் படத்தில் அவன் பெயர்கூட இல்லை. அதுவும் ஒரு கணக்குத்தான்: கூட்டம் நிறைந்த கதையில் எல்லோரையும் வாசலிலேயே அறிமுகப்படுத்தினால் யார் முகமும் நிற்காது. இரண்டாம் பாகத்துக்கென்று புது ஆட்கள் சிலரைப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். ஃபெய்ட், பேரரசர், அவர் மகளான இளவரசி இருலன் மூவரும் இரண்டாம் படத்தில்தான் வருகிறார்கள்.

இருலன் வரும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டாம் பாகம் எழுதுகிறவர்களைப் படுத்தியெடுக்கும் தலைவலி, "முன்கதைச் சுருக்கம்" சொல்வது. இங்கே இளவரசி தன் நாட்குறிப்பைப் பதிவு செய்கிறாள்: அட்ரெய்டிஸ் குடும்பம் ஒரே ராத்திரியில் அழிந்தது, அப்பா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. முன்கதையும் வந்துவிட்டது, புதுப் பாத்திரமும் வந்துவிட்டது, அப்பாவின் மேல் மகளுக்கு ஒரு சந்தேகமும் வந்துவிட்டது. நாவலில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் இருலன் எழுதிய நூல்களிலிருந்து ஒரு மேற்கோள் இருக்கும். அந்தப் பழக்கத்தைத்தான் இப்படி மாற்றிக்கொண்டார்கள். நாவலில் இருக்கும் வடிவத்தையே ஒரு கருவியாகத் திருப்பிக்கொள்ள முடிகிறதா என்று எப்போதும் பாருங்கள்.

காலத்தைச் சுருக்குங்கள், அதன் விலையையும் கொடுங்கள்

நாவலில் பால் பாலைவனத்துக்குள் போன பிறகு வருஷங்கள் தாண்டுகின்றன. அவன் தங்கை ஆலியா பிறந்து, நடந்து, பெரியவர்களைப் போல் பேசுகிறாள். தாயின் வயிற்றிலேயே எல்லா ஞானமும் பெற்ற குழந்தை. எதிரிக் குடும்பத்தின் தலைவரான பாரன் ஹார்கொனனைக் கொல்வதே அந்தச் சின்னக் குழந்தைதான், விஷ ஊசியால். பாலுக்கும் சானிக்கும் ஒரு மகன் பிறந்து, தாக்குதல் ஒன்றில் கொல்லப்படுகிறான்.

படத்தில் எல்லாமே ஒரு கர்ப்ப காலத்துக்குள் முடிந்துவிடுகிறது. பாலின் தாய் ஜெசிக்கா கர்ப்பிணியாகப் பாலைவனத்துக்குள் வருகிறாள். படம் முடியும்போதும் கர்ப்பிணிதான். இந்த ஒரே முடிவிலிருந்து எத்தனை விஷயங்கள் கிளை விட்டன என்று வரிசையாகப் பாருங்கள். திரைக்கதை வேலை என்பது பெரும்பாலும் இதுதான்: ஒன்றை நகர்த்தினால் ஒன்பது நகரும்.

ஆலியா பிறக்கவில்லை. ஆக, ஞானியைப் போல் பேசும் இரண்டு வயதுக் குழந்தையைத் திரையில் காட்ட வேண்டிய சங்கடம் இல்லை. 1984இல் காட்டினார்கள், பார்க்கிறவர்களுக்குப் பயம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். பாரனைக் கொல்லும் வேலை பாலிடம் போனது. ஜெசிக்காவைப் பெற்றவர் பாரன்தான்; தாத்தாவைப் பேரன் கொல்கிறான் என்ற உறவுச் சிக்கல் அதில் நேராக வந்து விழுகிறது. மகனும் இல்லை, ஆகவே அந்தச் சாவும் இல்லை. அதனால் பால் மாறுவதற்கான துக்கத்தை வேறெங்கோ தேட வேண்டியதாயிற்று. ஃப்ரெமென்கள் வாழும் சியெச் தப்ர் குகைகள் தாக்கப்பட்டு எரிவதை அங்கே வைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் பக்க விளைவு. ஜெசிக்கா வயிற்றிலிருக்கும் குழந்தையோடு பேச ஆரம்பிக்கிறாள். நாவலில் அவளுடைய எண்ணங்கள் பக்கம் பக்கமாக ஓடும். அதைத் திரையில் எப்படிச் சொல்வது? 1984 படம் மனக்குரலைக் கிசுகிசுப்பாக ஓட்டியது. எல்லோரும் வாய் திறக்காமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். இங்கே ஜெசிக்காவுக்குப் பேச ஓர் ஆள் கிடைத்துவிட்டது. வயிற்றைத் தடவிக்கொண்டு, யாரை முதலில் மதம் மாற்றலாம் என்று கருவோடு ஆலோசிக்கிறாள். கர்ப்பிணி தன் குழந்தையோடு பேசுவது எந்த வீட்டிலும் நடப்பது. அதே செயல் இங்கே முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கிறது. உங்கள் நாவலில் மனசுக்குள் பேசிக்கொண்டே இருக்கும் பாத்திரம் உண்டென்றால் அவருக்கு ஒரு காது தேடிக் கொடுங்கள். நாய்க்குட்டியோ இறந்தவரின் படமோகூடப் போதும்.

சுருக்கியதற்கு விலையும் உண்டு. பால் சில மாதங்களில் ஒரு மக்கள் கூட்டத்தின் மொழி, போர்முறை, காதல், தெய்வப் பதவி எல்லாவற்றையும் அடைந்துவிடுகிறான். நாவலில் அந்த வளர்ச்சிக்கு இருந்த நிதானம் படத்தில் இல்லை. என்னைக் கேட்டால், நடுவில் ஒரு பதினைந்து நிமிடம் ஓட்டமாகத்தான் இருக்கிறது. எந்த வெட்டும் இலவசமாகக் கிடைப்பதில்லை. எதை இழக்கிறீர்கள் என்று தெரிந்து வெட்டினால் போதும்.

ஆளை எடுத்தால் அவர் கையிலிருந்த கயிற்றை யாரிடம் கொடுப்பது?

தூஃபிர் ஹாவாட் அட்ரெய்டிஸ் குடும்பத்தின் மனிதக் கணிப்பொறி. நாவலின் பின்பாதியில் எதிரிகளின் கையில் சிக்கி, அவர்களுக்கு வேலை செய்துகொண்டே அவர்களுக்குள் சண்டை மூட்டிவிடுவார். இரண்டாம் படத்துக்காக அந்த நடிகரை வைத்து எடுக்கவும் செய்தார்கள். ஆனால் எடிட்டிங்கில் அவர் முழுவதுமாகப் போய்விட்டார்.

ஃபெய்டின் பிறந்த நாளில் அரங்கத்தில் ஒரு சண்டை வரும். அவனோடு மோதும் அடிமைகளுக்கு வழக்கமாக மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள். அன்றைக்கு ஒருவனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. நாவலில் அந்த ஏற்பாட்டின் பின்னால் ஹாவாட்டின் மூளை இருக்கிறது. படத்தில் அது பாரனே தன் மருமகனுக்கு வைத்த சோதனை. சண்டைக்குப் பிறகு ஃபெய்ட் கொதித்துப் போய் வருகிறான், உன்னை வீரனாக்கினேன் என்கிற தோரணையில் பாரன் பதில் சொல்கிறார். நாவலில் நாலு பேர் சேர்ந்து இழுத்த கயிறு இங்கே ஒருவர் கையில். சூது குறைந்தது உண்மைதான். ஆனால் அந்தக் குடும்பத்தில் பாசம் எப்படிக் காட்டப்படும் என்பது ஒரே காட்சியில் புரிந்துவிடுகிறது.

நீங்கள் ஓர் ஆளை நீக்குவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இவர் இல்லாவிட்டால் எந்தெந்தச் சம்பவம் நடக்காது? ஒவ்வொன்றுக்கும் எதிரே வேறொரு பெயரை எழுத முடிந்தால் மட்டும் நீக்குங்கள். முடியாவிட்டால் அவர் இருக்கட்டும்.

அதே அரங்கக் காட்சியில் இன்னொன்று. அது நடக்கும் ஹார்கொனன்களின் கிரகத்தில் சூரியன் கறுப்பு. அதன் ஒளி நிறங்களை உறிஞ்சிவிடுகிறது என்று வைத்துக்கொண்டு, ஒளிப்பதிவாளர் கிரெக் ஃப்ரேசர் வெளிக்காட்சிகளை அகச்சிவப்பு ஒளியில் கறுப்பு வெள்ளையாக எடுத்தார். தோல் மெழுகு மாதிரி வெளுத்துத் தெரியும். வாணவேடிக்கை மை தெறித்த மாதிரி விரியும். ஹார்கொனன்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விளக்கும் வசனம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. எழுத்தாளர் என்ற முறையில் நீங்கள் கேமராவைப் பற்றி எழுத வேண்டியதில்லை. ஆனால் "இங்கே வெயிலுக்கு நிறம் கிடையாது" என்று ஒரு வரி எழுதலாம்.

விளக்காதீர்கள், தண்ணீரைக் காட்டுங்கள்

அறிவியல் புனைகதையின் சுமையே விளக்கங்கள்தான். 'டியூன்' நாவலின் பின்னால் பிற்சேர்க்கைகளும் அருஞ்சொல் அகராதியும் இருக்கின்றன. படத்துக்கு அந்த வசதி இல்லை. என்ன செய்வது? ஒரே ஒரு பொருளை எடுத்து, அதை மூன்று இடத்தில் மூன்று விதமாகக் காட்டுங்கள்.

முதல் படத்தில் ஃப்ரெமென் தலைவர் ஸ்டில்கர் முதன்முதலாகப் பாலின் அப்பாவான பிரபுவைப் பார்க்க வந்து, மேசை மேல் காறித் துப்புவார். காவலர்கள் கொதிப்பார்கள். உடல் ஈரத்தைக் கொடுத்ததற்கு நன்றி என்று பிரபுவின் வீரன் டங்கன் ஐடஹோ முந்திக்கொண்டு சொல்வான். பாலைவனத்தில் எச்சில்கூடக் காணிக்கை. அது ஒரு மனிதர் காட்டிய மரியாதை.

இரண்டாம் படத்தின் தொடக்கத்தில் செத்துக் கிடக்கும் ஹார்கொனன் வீரர்களின் உடலிலிருந்து ஃப்ரெமென்கள் நீரை உறிஞ்சி எடுக்கிறார்கள். ரசாயனம் கலந்த தண்ணீர், குடிக்க ஆகாது, எந்திரங்களைக் குளிர்விக்க ஆகும் என்கிறார் ஸ்டில்கர். எதிரியின் உடல் வெறும் கச்சாப் பொருள்.

அப்புறம் ஜாமிஸ். பாலோடு கத்திச் சண்டை போட்டுச் செத்தவன், அவர்களில் ஒருவன். அவன் நீரைக் குகைக்குள் இருக்கும் ஒரு குளத்தில் ஊற்றுகிறார்கள். அந்தக் குளத்துத் தண்ணீரை, தாகத்தில் சாகிறவன்கூடத் தொட மாட்டான். என்றோ ஒரு நாள் இந்த மண்ணைப் பச்சையாக்கச் சேர்த்து வைத்தது. இப்போது அந்த மக்களின் பொருளாதாரம், பகை, மதம், கனவு எல்லாம் உங்களுக்குத் தெரியும். யாரும் பாடம் எடுக்கவில்லை.

பயிற்சி வேண்டுமானால் உங்கள் நாவலின் உலகத்தில் எது அரிது என்று கண்டுபிடியுங்கள். காற்றா, தூக்கமா, மௌனமா? அதை வைத்து மூன்று காட்சி எழுதுங்கள். ஒன்றில் அது கொடுக்கப்பட வேண்டும், ஒன்றில் பறிக்கப்பட வேண்டும், ஒன்றில் யாரும் தொடாமல் இருக்க வேண்டும்.

பெரிய காட்சி: புழு மேல் ஏறுவது

ரசிகர்கள் காசு கொடுப்பது இதற்குத்தான் என்று நாவலைப் படித்த எல்லோருக்கும் தெரியும். நாவலில் இதன் சூத்திரம் அழகானது. புழுவின் உடல் வளையம் வளையமாக இருக்கும். ஒரு வளையத்தின் விளிம்பில் கொக்கியை மாட்டித் திறந்தால், உள்ளே மணல் போய் உறுத்தும் என்று புழு அந்தப் பக்கத்தை மேலே திருப்பும். கொக்கி பிடித்தவனும் அதோடு மேலே போய்விடுவான். கொக்கி இருக்கும் வரை அது மணலுக்குள் மூழ்காது.

படிக்க அருமை. ஆனால் திரையில் ஓர் ஆள் பக்கத்தில் ஓடிப் போய்க் கொக்கி மாட்டுவது என்றால், ரயிலில் ஓடி ஏறுகிற மாதிரிதான் இருக்கும். படத்தில் பால் ஒரு மணல்மேட்டின் முகட்டில் ஓடுகிறான். புழு அந்த மேட்டையே துளைத்துக்கொண்டு வருகிறது. காலடியில் மணல் சரிகிறது, அவன் ஓடி ஏறவில்லை, விழுகிறான். விழுந்த இடம் புழுவின் முதுகு. அதற்கப்புறம் கொக்கி, இழுபடுதல், கண்ணில் மணல், எதுவும் தெரியாத சில நொடிகள். இதை எடுப்பதற்கென்றே தனிப் படப்பிடிப்புக் குழு ஒன்று வேலை செய்தது.

எழுதுகிறவர் இதில் கவனிக்க வேண்டியது வேறு. காட்சிக்கு முன் ஸ்டில்கர் பாலிடம், எளிமையாகச் செய், வித்தை காட்டாதே என்கிற மாதிரி அறிவுரை சொல்லி அனுப்புகிறார், ஒரு தாய்மாமனைப் போல. பாலின் தாளக்கருவியின் சத்தத்துக்கு வருவதோ யாரும் எதிர்பார்க்காத அளவு பெரிய புழு. அவன் மேலே எழுந்து நிற்கும்போது கேமரா அவனை மட்டும் பார்ப்பதில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறவர்களையும் பார்க்கிறது. ஸ்டில்கரின் முகத்தில் நண்பனின் பெருமை மெல்லப் பக்தியாக மாறுகிறது. சாகசக் காட்சி எழுதும்போது "யார் பார்த்துக்கொண்டிருக்கிறார், பார்த்த பிறகு அவர் என்ன ஆனார்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்தச் சாகசம் வெறும் ராட்டினம்.

ஸ்டில்கரைப் பற்றி இன்னும் கொஞ்சம். நாவலில், நண்பன் ஒருவன் தன் கண் முன்னாலேயே பக்தனாக மாறுவதைப் பார்த்துப் பால் வருந்துவான். அதைப் படம் நகைச்சுவையாக ஆரம்பிக்கிறது. பால், நான் ரட்சகன் இல்லை என்கிறான். ரட்சகன் அடக்கமானவர், அதனால்தான் இல்லை என்கிறார், ஆகவே இவர்தான் என்று ஸ்டில்கர் பூரித்துப் போகிறார். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒரு மணி நேரம் கழித்து அதே ஸ்டில்கர் அதே பக்தியோடு போருக்குக் கிளம்பும்போது அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை. நம்மைச் சிரிக்க வைத்தே உடந்தையாக்கிவிட்டார்கள்.

மறுப்பவர் ஒருவர் வேண்டும்

இதுதான் இந்தத் தழுவலின் அச்சாணி. நாவலின் சானி மதச் சடங்குகளில் பங்கெடுப்பவள், பாலின் மேல் சந்தேகம் இல்லாதவள். படத்தின் சானி, எங்களை அடிமையாக்கும் கதை இது என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். வடக்கே இருப்பவர்கள் கேள்வி கேட்பவர்கள், தெற்கே இருப்பவர்கள் தீவிர நம்பிக்கையாளர்கள் என்ற பிரிவும் படத்துக்காகச் சேர்த்ததுதான். தெற்கே போக மாட்டேன் என்று பால் பிடிவாதம் பிடிப்பது ஒரு நாடகமாக மாறியது அதனால்தான்.

ஹெர்பர்ட் சொல்ல வந்த எச்சரிக்கை நாவலில் பாலின் கனவுகளில் இருக்கிறது. வாசகர்கள் அதைத் தாண்டிப் போனார்கள், காரணம் அதைச் சொல்ல ஒரு முகம் இல்லை. படம் அந்த எச்சரிக்கைக்கு ஒரு முகம் கொடுத்தது. அதுவும் பாலைக் காதலிப்பவளின் முகம். எதிரி மறுத்தால் அது வெறும் வாதம். காதலி மறுத்தால் நமக்கு வலிக்கும்.

ஒரே ஒரு செயலில் இது எப்படி வெளிப்படுகிறது பாருங்கள். பால் 'உயிர் நீர்' என்ற நஞ்சைக் குடித்துப் பிணம் போல் கிடக்கிறான். அவனை எழுப்பச் சானியைக் கூப்பிடுகிறார்கள். நாவலிலும் அவள்தான் எழுப்புகிறாள். படத்தில் அவளுக்கு இந்த நாடகத்தில் பங்கெடுக்க விருப்பம் இல்லை. ஜெசிக்கா தன் குரலின் சக்தியால் அவளைப் பணிய வைக்கிறாள். தன் கண்ணீரையும் அந்த நீரையும் கலந்து அவன் உதட்டில் வைக்கிறாள். அவன் கண் விழிக்கிறான். சுற்றி இருப்பவர்களுக்கு இது தீர்க்கதரிசனம் பலித்த அற்புதம். சானி அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விடுகிறாள். நாவலின் சம்பவம் அப்படியே இருக்கிறது, அர்த்தம் மட்டும் தலைகீழாகிவிட்டது. அந்த அறைக்கு ஸ்கிரிப்டில் அரை வரிகூட ஆகியிருக்காது.

உங்கள் நாவலில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விஷயம் எது? அதை மறுக்கும் உரிமையை யாருக்குக் கொடுக்கலாம்? ஓரத்தில் நிற்கும் பாத்திரத்துக்கு வேண்டாம். நாயகனுக்கு மிக அருகில் இருப்பவருக்குக் கொடுங்கள்.

கடைசிக் காட்சியை முதலில் எழுதுங்கள்

சீன் ஆர்டர் போட உட்காரும்போது நான் கடைசிச் சீனிலிருந்துதான் பின்னோக்கி வருவேன். நாவலின் முடிவில் பால் அரியணைக்காக இளவரசியை மணக்கச் சம்மதிக்கிறான். சானி உடனிருக்கிறாள். கலங்கி நிற்பவளுக்கு ஜெசிக்கா, வரலாறு நம்மைத்தான் மனைவிகள் என்று சொல்லும் என்று ஆறுதல் கூறுவதோடு நாவல் நிற்கிறது. படத்தில் அதே அறை, அதே அறிவிப்பு. ஃப்ரெமென்கள் மண்டியிடுகிறார்கள், சானி மண்டியிடவில்லை. வெளியே போர்க்கப்பல்களில் கூட்டம் ஏறுகிறது. அவள் தனியாக மணலுக்கு நடந்து போய்த் தாளக்கருவியை நட்டு, கையில் கொக்கிகளோடு புழுவுக்காகக் காத்து நிற்கிறாள். அவள் முகத்தில் படம் முடிகிறது. 166 நிமிடம் பாலைப் பின்தொடர்ந்து வந்த கேமரா கடைசியில் அவனை விட்டுவிட்டு அவளோடு போய்விடுகிறது.

இந்த முடிவைத் தீர்மானித்த பிறகுதான் முன்னால் இருக்கும் ஒவ்வொரு காட்சியிலும் சானி எங்கே நிற்கிறாள், என்ன பார்க்கிறாள் என்பது முடிவாகும். முன்னாலிருந்து எழுதிக்கொண்டே வந்தால் இந்த இடத்துக்கு வந்து சேர்வது கஷ்டம்.

ஸ்கிரிப்ட் முடிந்ததும் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் நாவலைக் கரைத்துக் குடித்தவர், இன்னொருவர் அந்தப் பெயரையே கேள்விப்படாதவர். இருவரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்காதீர்கள்; முதலாமவர் இரண்டாமவருக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவார். இருவர் சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள், பதில் சொல்லாதீர்கள்.

2024 மார்ச்சில் படம் வந்தபோது எனக்கு இது தானாகவே நடந்தது. என் ஒரு பக்கம் நாவலைப் பலமுறை படித்த நண்பர். மறுபக்கம் ஏசிக்காகவும் பாப்கார்னுக்காகவும் வந்த என் அண்ணி. வெளியே வந்ததும் நண்பர் பொருமினார்: "சானி போகவே மாட்டா. புக்ல அப்படி இல்லவே இல்லை." அண்ணி செருப்பில் ஒட்டியிருந்த பாப்கார்னைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "போகாம? அங்க நின்னு அவளும் கும்பிடணுமா?"